முள்ளம்பன்றிக்கு முடி வெட்டாத வருஷம்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எல்லோருமே கத்திரி பிடித்தவர்கள். மாமனார், அவருடைய அப்பா, என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா என்று வரிசையாகச் சொல்லலாம். அக்காவின் மகளும் அழகுக்கலை படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒருத்திதான் வேறு ஜாதி மாதிரி, பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்பவள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகச் சில்லறைக்குக் கத்திக் கத்தி எனக்குக் குரலும் பெரிது, கோபமும் பெரிது. மற்றவர்களுக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். எனக்கு அது நாக்கு நுனியிலேயே குடியிருக்கும்.

கோபக்காரி என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொரு பெயர் இருந்தது, ஆரம்ப சூரி. வைத்தவர் என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் தையல் மிஷின் வாங்கினேன், தலையணை உறை ஒன்று பாதியில் நின்றுபோனது. குளியலறையில் காளான் வளர்த்தேன், நாற்றம்தான் மிச்சம். மீன் தொட்டி வைத்தேன், மீன்கள் போன பிறகும் தொட்டி மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அண்ணி இதில் ஒன்றையும் மறக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், எங்க ஆரம்ப சூரி இப்ப என்ன ஆரம்பிச்சிருக்கான்னு கேளுங்க என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். பொய் சொன்னால் சண்டை போடலாம். உண்மையைச் சொன்னால் என்ன செய்வது? நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

அந்தச் செடியும் அப்படி ஆரம்பித்ததுதான்.

டிப்போவுக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரர் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டே, தோட்டத்தில் இருக்கிறதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ரோஜா, மல்லிகை எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காலி. மூலையில் ஒரு முட்புதர் மட்டும் தனியாக நின்றது. தையல் ஊசி நீளத்துக்கு முள், யாரும் கிட்டவே போகவில்லை. என்ன செடி என்று கேட்டேன். குவின்ஸ் என்று குளிர்தேசத்துப் பழச்செடி, அதில் குட்டை ரகம், ஊரிலேயே இது ஒன்றுதான் இருக்கிறது, பழம் வந்தால் வீடே மணக்கும் என்றார் அவர். அவ்வளவு போதாதா எனக்கு? சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏறியவர், இறங்கியவர் எல்லோரும் 'ஆ' என்றார்கள். டிப்போக்காரி என்பதால் கண்டக்டர் என்னை இறக்கிவிடவில்லை.

சலூனுக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் உண்டு. அங்கே தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அதை நட்டேன். முதல் நாளே வீட்டுக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காட்டுப்பயல் மாதிரி இருக்கே, ஒரு கிராப் வெட்டிவிடுறேன் என்றார். வெட்டினார். அழகாகத்தான் இருந்தது. உருண்டையாக, முள் எல்லாம் ஒரே அளவாக நீட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்து அண்ணியின் மகள் அதற்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்தாள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை முள்ளம்பன்றிக்கு முடிவெட்டு. வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் வீட்டுக்காரர் கத்திரியும் சீப்புமாகப் போய்விடுவார். ஆமாம், சீப்பும் எடுத்துக்கொண்டுதான் போவார். பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நான் தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன், காய்ந்த முட்டை ஓட்டைப் பொடித்துக் கொட்டினேன். வருஷங்கள் போயின. பூ இல்லை, பிஞ்சு இல்லை. எப்போதாவது உள்ளே ஒளிந்துகொண்டு ஒன்றிரண்டு பூ எட்டிப் பார்க்கும், அதுவும் உதிர்ந்துவிடும். நர்சரிகளில் போய்க் கேட்டால், இப்படி ஒரு செடியைப் பார்த்ததே இல்லை என்று கையை விரித்தார்கள். தலையணை உறை, காளான், மீன் என்ற பட்டியலில் அண்ணி முள்ளம்பன்றியையும் சேர்த்துவிட்டார்.

ஒரு வசந்தகாலத்தில் அண்ணி எங்களை உட்கார வைத்துப் பேசினார். சலூனில் திரை போட்டு மறைத்த பாதியில்தான் அவர் பெண்களுக்கு முடி வெட்டுவது. மகளுக்கு அடுத்த வருஷம் இலை உதிரும் நேரத்தில் படிப்பு முடிகிறது. அவள் முகத்துக்கு மசாஜ், பூச்சு என்று தொழில் பண்ண ஒரு தனி அறை வேண்டும். இருக்கிற ஒரே இடம் பின் முற்றம். வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு, கேட்பதில் நியாயமும் உண்டு. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நியாயமில்லாமல் கேட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன்.

"அங்க ஒரு அறை போட்டா என் பொண்ணு பிழைச்சுப்பா. உன் செடி இருந்து யாருக்கு என்ன ஆச்சு, நீயே சொல்லு."

வீட்டுக்காரர் கையில் இருந்த சீப்பின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்கு எப்போதும் சீப்புதான் துணை.

"அவ படிப்பு முடியற வரைக்கும் டைம் குடுங்க அண்ணி," என்றேன். "அதுக்குள்ள பழம் வரலைன்னா நானே பிடுங்கிப் போடறேன்."

"பழம்னா வாயில வைக்கிற மாதிரி பழம். காட்டுக்காய் காய்ச்சா கணக்குல வராது."

சரி என்றேன். இத்தனை வருஷம் காய்க்காதது இனிமேல் எப்படிக் காய்க்கும் என்று யோசிக்கவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அண்ணி மட்டும் ஒன்று சொன்னார், அதுவரை செடியை அவரும் தொட மாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார் என்று. அவர் வாக்கு வாக்குதான். அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வாரமே தண்ணீர் டிரம் ஓட்டையாகிவிட்டது. நானும் வீட்டுக்காரரும் அதை உருட்டி வெளியே எடுத்தோம். டிரம் இருந்த இடத்துக்குப் பின்னால், சுவருக்கும் செடிக்கும் நடுவில், கத்திரியே எட்டாத சந்தில், நாலைந்து கொம்பு தாறுமாறாக நீண்டு வளர்ந்திருந்தன. அந்தக் கொம்பு முழுக்க ரத்தச் சிவப்பில் பூ. இலை வருவதற்கு முன்னாலேயே, வெறும் கட்டையில், முள்ளுக்கு முள் ஒட்டிக்கொண்டு அத்தனை பூ. டிரம்மை வாசலில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் கத்திரியை எடுத்து, அந்தக் கொம்புகளை எல்லாம் மற்ற பக்கத்துக்குச் சமமாக வெட்டி முடித்திருந்தார்.

பூவெல்லாம் தரையில் கிடந்தது. அவர் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து, இப்பதான் ரெண்டு பக்கமும் சரியா இருக்கு என்றார்.

நான் போட்ட சத்தத்தில் சலூனில் முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து ஓடி வந்தார். கத்தி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. கத்திரி எட்டாத இடத்தில் மட்டும் பூ. கத்திரி எட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பழைய கொம்பில்தான் இந்தச் செடி பூக்கிறது. இவர் மாதா மாதம் அந்தக் கொம்பைத்தான் வெட்டி, பெருக்கி, குப்பையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அது வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, கையில் சீப்போடு மேய்ந்திருக்கிறது. நானும் சேர்ந்துதானே பாராட்டினேன், யாரைச் சொல்லி என்ன?

"இன்னியிலேர்ந்து இதுமேல கத்திரி பட்டுச்சுன்னா," என்றேன், "அடுப்புமேல என் கை படாது."

அவர் சாப்பாட்டு ராமன். கத்திரியைப் பையில் வைத்துவிட்டார்.

மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சலூனில் நாற்காலிக்கு எதிரே பெரிய கண்ணாடி. நாற்காலிக்குப் பின்னால் முற்றத்து ஜன்னல். உட்காருகிறவருக்குக் கண்ணாடியில் தன் தலையும் தெரியும், தலைக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றியும் தெரியும். முன்பு அது எங்கள் கடைக்கு விளம்பரம் மாதிரி இருந்தது. கோடைகாலம் வந்ததும் அது நாலு பக்கமும் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, ஒரு கொம்பு வானத்துக்கும் ஒரு கொம்பு ஜன்னல் கம்பிக்கும் போக, பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். "முதல்ல பின்னாடி நிக்கிறவருக்கு வெட்டிடுங்க, அவருக்குத்தான் அவசரம். நான் காத்திருக்கேன்" என்றார். கடையே சிரித்தது. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. தொழில்காரன் வீட்டுச் செடி பரட்டைத் தலையோடு நின்றால் ஊர் என்ன பேசும் என்று புலம்பினார். ஊர் பேசட்டும், உங்கள் வாயில் நான் போடுகிற சோறு இறங்கட்டும் என்றேன்.

குளிர்காலத்தில் இன்னும் மோசம். இலை எல்லாம் கொட்டி, கம்பிச் சுருளைத் தூக்கி எறிந்த மாதிரி நின்றது. ஒரு கல்யாண வீட்டு ஆட்கள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை நான் டிப்போவுக்குக் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். முற்றத்தில் வீட்டுக்காரர் கத்திரியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெட்டவில்லை. வெட்டாமல் நிற்கவும் முடியவில்லை.

"ஒரே ஒரு கொம்புதான்," என்றார், என்னைப் பார்க்காமலே. "அது நேரா மாப்பிள்ளை காதுக்குப் பக்கத்துல தெரியும்."

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பாவமாக இருந்தது. இந்த மனுஷன் என் வார்த்தைக்காகத் தன் கையையே கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வைரத் தோடு வாங்கித் தந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. நான் உள்ளே போய் ஒரு பெட்ஷீட்டை எடுத்து வந்து ஜன்னலில் திரையாகக் கட்டினேன். மாப்பிள்ளை வந்து முடி வெட்டிக்கொண்டு போன பிறகும், குளிர்காலம் முழுக்க முள்ளம்பன்றி அந்தத் திரைக்குள்ளேயே கோஷாவில் இருந்தது.

பனி விட்டதும் பூத்தது. பூத்தது என்றால் சும்மா இல்லை. ஒரு வாரத்தில் முற்றமே பற்றி எரிகிற மாதிரி ஆகிவிட்டது. நான் அந்தத் திரையைக் கிழிக்காத குறையாக அவிழ்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, நேரில் பார்க்கத் தலையைத் திருப்ப, வீட்டுக்காரர் கத்தியோடு, ஆடாதீங்க சார், காது போயிடும் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பரட்டைத் தலை என்று சிரித்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றார்கள். எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன. நான் காலையில் டிப்போவுக்குப் போகும் முன் பூவின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன், மாலையில் வந்ததும் தொட்டுப் பார்ப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அண்ணியும் ஜன்னலில் வந்து நின்றார். பூ சரி, பழம் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

பூ கொட்டியதும் பிஞ்சு தெரிந்தது. பச்சைக் கோலிக்குண்டு மாதிரி, கொம்போடு ஒட்டிக்கொண்டு, முள்ளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. கோடை முழுக்க அது பெருத்தது. எனக்கு வாயெல்லாம் பல். கவுன்டருக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். டிக்கெட் குடும்மா, பஸ் போயிடும் என்று அவர்கள் கத்த வேண்டியதாயிற்று.

இலை மஞ்சளாகும்போது பழமும் மஞ்சளானது. முழங்கைவரை துணியைச் சுற்றிக்கொண்டு பறித்தேன். அப்படியும் கையெல்லாம் கீறல். ஒரு கூடை நிறைய வந்தது. சலூன் அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். செடியைக் கொடுத்த ஆள் சொன்னது பொய்யில்லை. ஷேவிங் லோஷன், பவுடர், வியர்வை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு மணம் வந்து கடையில் உட்கார்ந்துகொண்டது. என்ன சென்ட் அடிச்சிருக்கீங்க என்று உள்ளே வருகிறவர்கள் கேட்டார்கள்.

அண்ணியும் வந்தார். பழத்தை எடுத்தார், மூக்கில் வைத்தார், முகம் மலர்ந்தது. அப்புறம் கடித்தார். கடித்தார் என்பதைவிடக் கடிக்கப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். கல்லு. பல்லை அழுத்திப் பதித்ததும் முகம் கசக்கிய துணி மாதிரி சுருங்கிவிட்டது. எலுமிச்சம்பழமெல்லாம் இதற்கு முன்னால் சர்க்கரைக்கட்டி. நான் ஏற்கெனவே ஒளிந்துகொண்டு கடித்துப் பார்த்தவள்தான். ஒருவேளை அந்த ஒன்று மட்டும்தான் அப்படியோ என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"வாசனைக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வாயில வைக்கிற பழம்னுதான் பேச்சு. திங்கட்கிழமை கொத்தனார் அளவெடுக்க வர்றார்மா."

அன்று சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை.

ஞாயிறு காலை நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பச்சையாகத் தின்ன முடியாவிட்டால் வேக வைத்துத் தின்னலாம் இல்லையா? ஜாம் கிண்டி அண்ணி வாயில் ஒரு கரண்டி வைத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். என் வாழ்நாளில் ஜாம் கிண்டியதில்லை, அதனாலென்ன? பாதிப் பழத்தை எடுத்துப் பக்குவமாகத் தோல் சீவினேன். சுளையாக நறுக்கினேன். நடுவில் இருந்த விதைக்கூட்டைத் தோண்டி எடுத்துத் தோலோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். கத்தி வழுக்கி இரண்டு விரலில் வெட்டு. தண்ணீர் ஊற்றி, சர்க்கரை கொட்டிக் கொதிக்கவிட்டேன். கிண்டினேன், கிண்டினேன், கை விட்டுப்போகும்வரை கிண்டினேன். ஆறவைத்துப் பார்த்தால் ஒன்றும் சேரவில்லை. தண்ணியில் நாலு துண்டு மிதக்கிற சர்பத்து. கரண்டியில் எடுத்தால் ஓடுகிறது.

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அது பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து பெரிய சத்தம் போட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். செடி போகிறதே என்று மட்டும் இல்லை. அண்ணி என்னைப் பற்றிச் சொன்னது சரியாகிவிடுமே என்றுதான் அழுதேன். ஒன்றையாவது கடைசிவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் செத்தால் போதும் என்று இருந்தது. இந்தச் செடிக்காக நான் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்திருக்கிறேன். நான். பொறுமையாக.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். குனிந்து கூடைக்குள் மூக்கை விட்டார். நாள் பூராவும் லோஷனையும் பவுடரையும் மோந்து பழகிய மூக்கு. திரும்பி வந்து சட்டியை மோந்தார். மறுபடி கூடையை மோந்தார்.

"மணம் பூரா இந்தத் தோல்ல இல்ல இருக்கு," என்றார். "இதைப் போய் ஏன் சீவி எறிஞ்ச? வெட்டி எறிஞ்சு கெடுக்கிற வேலை நான் பண்ணதே போதும். நீ வேற பண்ணாத."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மீதிப் பழம் இருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான். இந்தத் தடவை ஒன்றையும் சீவவில்லை. கழுவி, தோலும் விதைக்கூடும் அப்படியே இருக்க, நாலாக மட்டும் பிளந்தேன். வீட்டுக்காரர்தான் பிளந்தார், என் விரலில் கட்டு. பழம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சின்ன தீயில் குழையக் குழைய வேகவிட்டேன். வாடிக்கையாளர் கழுத்தில் போர்த்துகிற வெள்ளைத் துணியில் பிரிக்காத புதுசு ஒன்று இருந்தது. அதில் கொட்டி மூட்டை கட்டி, குழாயில் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிழியாதே, தானாக வரட்டும் என்றார் அவர். எனக்குப் பொறுமை சொல்ல வந்துவிட்டார் என்று ஒரு முறை முறைத்தேன். ஆனால் பிழியவில்லை.

இறங்கிய சாறு கலங்கலாக, கழனித்தண்ணி மாதிரிதான் இருந்தது. அளவாகச் சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதிக்கக் கொதிக்க அது தெளிந்தது. மஞ்சள் ஆரஞ்சானது, ஆரஞ்சு சிவப்பானது. குமிழி பெரிதாகி, 'பொளக் பொளக்' என்று கனமாகக் கொதிக்க ஆரம்பித்தது. ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டேன். ஓடவில்லை. தட்டைச் சாய்த்தேன். அப்போதும் ஓடவில்லை. விரலால் தள்ளினேன், சுருக்கம் விழுந்தது. மணம் மட்டும் இல்லை, சேர வைக்கிற பசையும் தோலிலும் விதையிலும்தான் இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒற்றைச் சொட்டைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அதை நக்கப் போனார், கையிலேயே ஒரு அடி வைத்தேன். அப்புறம் பாதி அவருக்கு, பாதி எனக்கு.

ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடிவைத்தேன். எங்கே ஆடிக் கலைந்துவிடுமோ என்று அன்று அடுப்படியில் யாரையும் வேகமாக நடக்கக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை நான் டிப்போவில் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். கடை திறந்ததும் கொத்தனார் வந்துவிட்டார். முற்றத்துக்குப் போய் டேப்பை நீட்டி, சுவரிலிருந்து செடிவரைக்கும் அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் முதல் ஆளுக்குக் கன்னத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ஜன்னலோரம் நின்றிருந்தார். நான் கிண்ணத்தையும் ஒரு வெள்ளைத் தட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு தட்டுத் தட்டினேன். வரவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினேன்.

வழுக்கிக்கொண்டு இறங்கி நின்றது. கிண்ணம் எந்த வடிவமோ அதே வடிவம், மாணிக்கச் சிவப்பு, ஜன்னல் வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. லேசாக ஆடியது, விழவில்லை.

"இதுல வேற என்ன போட்டே?" என்று அண்ணி கேட்டார்.

"பழம், தண்ணி, சக்கரை. வேற ஒண்ணும் இல்ல அண்ணி."

சந்தேகத்தோடு ஒரு கரண்டி எடுத்தார். வாயில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சனிக்கிழமை சுருங்கிய அந்த முகம் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தேன். அது சுருங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கினார். இரண்டாவது கரண்டி எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். கன்னத்தில் சோப்போடு இருந்தவர் நாற்காலியில் இருந்தபடி எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது.

அண்ணி கரண்டியை நக்கித் தட்டில் வைத்தார்.

"அடுத்த வருஷம் சக்கரையக் கொஞ்சம் குறைச்சுப் போடு," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஐயோ, சர்க்கரை கூடிவிட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் அந்தச் சொல் காதிலிருந்து உள்ளே இறங்கியது. அடுத்த வருஷம். அண்ணி வாயால் அடுத்த வருஷம். வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியில் அவர் தலைக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றி, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, ஜம்மென்று நின்றது.

முற்றத்திலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார். செடியை இன்றைக்கே எடுத்துவிடலாமா, அஸ்திவாரத்துக்கு அது இடைஞ்சல் என்றார்.

"அதுல கை வைக்காதீங்க, அது எங்க வீட்டுச் செடி," என்றார் அண்ணி. "அறைய மாடியில போட்டுக்கலாம். படி எங்க வரும்னு போய்ப் பாருங்க."

கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அண்ணி நாலாவது கரண்டி எடுத்தார். நான் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன். யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன், சலூனில் எல்லோரும் கைதட்டும் வரைக்கும்.